பம்புசெட் ரூமில் ஒரு பழைய மீட்டர்

போன மாசம் ஒரு நாள் காலையில எங்க தோட்டத்துக்குப் பக்கத்துல இருக்கிற டிரான்ஸ்பார்மர்ல ரெண்டு பசங்க ஏணி போட்டு ஒரு சாம்பல் நிறப் பெட்டியை மாட்டிட்டு இருந்தாங்க. கால் மணி நேரத்துல அங்கே இருபது பேர் கூடியாச்சு. பால் ஊத்தப் போனவங்க, மாட்டை ஓட்டிட்டுப் போனவங்க எல்லாரும் நின்னுட்டாங்க. எண்பது வயசுப் பெரியப்பா ஒருத்தர் தடியை ஊன்றிக்கிட்டு வந்து என்கிட்டதான் கேட்டார்.

"ஏனுங் தம்பி, மோட்டாருக்கு மீட்டர் மாட்டறாங்களாமே?"

"இல்லீங் பெரியப்பா. இது டிரான்ஸ்பார்மருக்கு. எவ்வளவு கரண்ட் இது வழியா போகுதுன்னு பார்க்கறதுக்கு."

"இன்னைக்கு இங்க மாட்டுவான். நாளைக்கு ரூமுக்குள்ள வருவான்" என்று சொல்லிட்டு அவர் பாட்டுக்குப் போயிட்டார்.

டவுன்ல இருக்கிற நண்பர்கள்கிட்ட இதைச் சொன்னா சிரிக்கிறாங்க. "இலவசமா வாங்கற கரண்டுக்கு ஒரு மீட்டர் வெச்சா என்னப்பா? கணக்குத்தானே?" என்கிறாங்க. நியாயமான கேள்விதான். ஆனா அந்தப் பெரியப்பாவுக்கு மீட்டர்னா வெறும் கணக்குப் பெட்டி இல்லை. ஏன்னு சொல்றதுக்கு கொஞ்சம் பின்னாடி போகணும். ஸ்மார்ட் மீட்டர், ஸ்மார்ட் கிரிட்னு இப்ப பேசறதெல்லாம் எங்க பக்கத்துல எந்த மண்ணு மேல வந்து இறங்குதுன்னு தெரிஞ்சாத்தான் இது புரியும்.

என் அப்பாரு (அப்பாவோட அப்பா) காலத்துல கிணத்துல இருந்து தண்ணி எடுக்கறதுன்னா கவலைதான். ரெண்டு மாடு பூட்டி, தோல் சாலைக் கிணத்துக்குள்ள விட்டு, மாடு சரிவுல இறங்கினா சால் மேல வரும். விடியறதுக்கு முன்னாடி பூட்டினா வெயில் ஏறும் வரைக்கும் இறைக்கலாம். அரை ஏக்கர் நனையறதுக்குள்ள மாட்டுக்கும் ஆளுக்கும் நாக்குத் தள்ளிடும்.

நீலகிரியில பைக்காரா ஆத்துத் தண்ணியைச் சுமார் 3,000 அடி உயரத்துல இருந்து குழாயில இறக்கி மின்சாரம் எடுக்க ஆரம்பிச்சது 1932-ல். அந்தக் கம்பி முதல்ல வந்த பெரிய ஊர் கோயம்புத்தூர். பஞ்சாலைகள் இங்கே வரிசையா வந்ததுக்கு அது ஒரு முக்கியமான காரணம். அடுத்து 1937-ல் மேட்டூர் மின்நிலையம், 1944-ல் பாபநாசம். தனித்தனியா ஓடிட்டு இருந்த இந்த மின்நிலையங்களைக் கம்பியால இணைச்சு ஒரே வலை ஆக்கினாங்க. ஒரு ஆத்துல தண்ணி குறைஞ்சா இன்னொரு ஆறு கை கொடுக்கும். 'கிரிட்'னு சொல்றது அதுதான், புதுசா வந்த சமாச்சாரம் ஒண்ணும் இல்லை.

மின்சாரத்தை எடுத்தா அதை யாராவது வாங்கணும். மில்லுக்கு அடுத்தபடியா எங்க பக்கத்துல வாங்கறதுக்கு இருந்தது கிணறுகள்தான். ஆறு இல்லாத ஊர், கிணத்துப் பாசனம். மோட்டாரும் இங்கேயே செய்ய ஆரம்பிச்சாங்க. 1937-ல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் கோவையில செஞ்ச மோட்டாரைத்தான் இந்தியாவுல தயாரான முதல் மின்மோட்டார்னு சொல்றாங்க. 1957 ஜூலையில மின்வாரியம் உருவாச்சு. கனடா உதவியோட குந்தா திட்டம் வந்தது. அதுக்கு அப்புறம் கிராமத்துக்குள்ள கம்பம் நடற வேகம் கூடிருச்சு. பம்புசெட்டுக்குக் கரண்ட் குடுக்கறதுல அந்தக் காலத்துல நாட்டுக்கே முன்னால இருந்த மாநிலங்கள்ல தமிழ்நாடு ஒண்ணு.

எங்க தோட்டத்துக்கு கரண்ட் வந்தது 1962-ல். அப்பாரு 5 குதிரைத்திறன் மோட்டார் வாங்கிப் போட்டார். கவலை மாட்டுல ஒரு ஜோடியை வித்துத்தான் மோட்டாருக்குப் பணம் கட்டினதா அப்பா சொல்வார். ஓட்டு வேய்ஞ்ச மோட்டார் ரூம், மரப் பலகை மேல கறுப்பு மீட்டர், கண்ணாடிக்குள்ள ஒரு அலுமினியச் சக்கரம். மோட்டார் ஓடினா சக்கரம் சுத்தும். பக்கத்துல ஆணியில ஒரு வெள்ளை அட்டை தொங்கும். ரீடிங் எடுக்க வர்றவர் மீட்டரைப் பார்த்து அந்த அட்டையில எழுதிட்டுப் போவார். அவர் போனதும் அப்பாரு மீட்டரையும் அட்டையையும் ஒருதரம் ஒப்பிட்டுப் பார்ப்பாராம். எழுத்து அவ்வளவா தெரியாது, ஆனா எண் தெரியும்.

இந்த அட்டையை ஞாபகம் வெச்சுக்கங்க. கடைசியில வேணும்.

1970-ல் விவசாய மின்சாரத்துக்கு யூனிட் 8 பைசாவா இருந்ததை 10 பைசா ஆக்கினாங்க. ரெண்டு பைசாவுக்கா சண்டைன்னு தோணும். கிணத்துப் பாசனக்காரனுக்கு அது ஒரு நாளைக்குக் கட்டற காசு இல்லை. பயிர் இருக்கற நாள் முழுக்க, மழை பொய்ச்சா இன்னும் அதிகமா, ஓடிட்டே இருக்கற காசு. ஆத்துப் பாசனத்துல இருக்கறவருக்குத் தண்ணி வாய்க்கால்ல வரும். எங்களுக்கு ஒவ்வொரு குடமும் சக்கரத்துல சுத்தி வரணும்.

கோவை வையம்பாளையத்துக்காரர் சி. நாராயணசாமி நாயுடு விவசாயிகளைத் திரட்டினார். 1970 ஜூன் 19-ம் தேதி பெருமாநல்லூர்ல போலீஸ் சுட்டதுல மூணு விவசாயிகள் செத்துப்போனாங்க. அதுக்கப்புறம் கட்டணத்துல ஒரு பைசா குறைஞ்சுது. அந்த நினைவுத்தூண் இன்னும் பெருமாநல்லூர்ல இருக்கு. திருப்பூர்ல இருந்து கோபி போற வழியில பஸ்ல கடந்திருப்பீங்க, கவனிச்சிருக்க மாட்டீங்க.

1972-ல் மறுபடி ஏத்தினாங்க. 9 பைசா 12 ஆச்சு. அந்த வருஷம்தான் கோயம்புத்தூரை மாட்டு வண்டியால அடைச்சாங்க. ஆயிரக்கணக்கான வண்டிகள். எங்க அப்பாவுக்கு அப்ப 24 வயசு, எங்க வண்டியை அவர்தான் ஓட்டிட்டுப் போனார். வண்டியை ரோட்டுல விட்டுட்டு மாட்டை அவுத்துக் கட்டிட்டு உட்கார்ந்துட்டாங்களாம். "டவுன்காரங்க மாடி மேல நின்னு வேடிக்கை பார்த்தாங்க. சில வீட்டுல தண்ணி கொடுத்தாங்க" என்பார். ஜூலை 5-ம் தேதி நடந்த துப்பாக்கிச் சூட்டுல பல விவசாயிகள் இறந்தாங்க. இன்னைக்கும் ஜூலை 5 எங்களுக்கு உழவர் தியாகிகள் நாள். நான் முதல்ல சொன்ன பெரியப்பாவும் அந்த வண்டிகள்ல ஒண்ணுல போனவர்தான்.

இதெல்லாம் நடந்தது அந்தக் கறுப்பு மீட்டரைச் சுத்தித்தான். கட்டணத்தை ஏத்தினது சென்னையில. ஆனா எங்க கண்ணுக்குத் தெரிஞ்சது சுத்தற சக்கரம் மட்டும். பணம் கட்டாட்டி ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிட்டுப் போவாங்க. கண்ணெதிர்ல பயிர் காயும்.

1984-ல் எம்.ஜி.ஆர். அரசு சிறு விவசாயிகளுக்கு மின்சாரம் இலவசம்னு அறிவிச்சுது. மத்தவங்களுக்கு யூனிட் கணக்கு போய், குதிரைத்திறனுக்கு வருஷத்துக்கு இவ்வளவுன்னு ஆச்சு. அதே வருஷம் டிசம்பர்ல நாராயணசாமி நாயுடு காலமானார். எங்களுக்கு ஆறு ஏக்கர், அதனால இலவசம் கிடையாது, குதிரைத்திறன் கணக்குல கட்டினோம். எனக்கு அப்ப பத்து வயசு. ரீடிங் எடுக்க வர்றவர் வராம நின்னது நல்லா ஞாபகம் இருக்கு. ஏன்னா அவர் வந்தா அம்மா மோர் கொண்டு போய்க் கொடுக்கச் சொல்வாங்க, அந்த வேலை எனக்கு மிச்சம் ஆச்சு. 1990-ல் கலைஞர் அரசு எல்லா விவசாயிகளுக்கும் இலவசம் ஆக்கிச்சு. மீட்டர் பலகையில குருவி கூடு கட்டிருச்சு.

அதோட கதை முடிஞ்சுதுன்னு நினைச்சோம். 2003 மார்ச்ல ஜெயலலிதா ஆட்சியில இலவசம் நின்னுச்சு. குதிரைத்திறனுக்கு வருஷம் 250 ரூபாய்னு ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயம் பண்ணுச்சு. அது வறட்சி வருஷம் வேற. 2004 நாடாளுமன்றத் தேர்தல்ல தமிழ்நாட்டுல 39 தொகுதியும் எதிரணிக்குப் போச்சு. உடனே இலவச மின்சாரம் திரும்பி வந்துச்சு. அரசாங்கம் ஒரு கையெழுத்துல எடுக்கலாம், இன்னொரு கையெழுத்துல கொடுக்கலாம்னு அந்தக் கொஞ்ச காலத்துல ஊரே தெரிஞ்சுக்கிச்சு. பெரியப்பாவோட பயத்துக்கு 1972 பாதிக் காரணம்னா 2003 மீதிப் பாதி.

இப்ப எங்க பக்கத்துக் குறையையும் சொல்லணும். சொல்லாட்டி இந்தப் பதிவுல நியாயம் இருக்காது.

மீட்டர் இருந்த காலத்துல அப்பாரு பாத்தி நிரம்பினதும் ஓடிப் போய் மோட்டாரை நிறுத்துவார். இலவசம் வந்தப்புறம் 'ஆட்டோ' வந்துச்சு. மும்முனை மின்சாரம் வந்ததும் மோட்டார் தானா ஓட ஆரம்பிக்கும் ஸ்விட்ச். எங்களுக்கு மும்முனை நாள் முழுக்க வராது, பகல்ல இத்தனை மணி நேரம், ராத்திரி இத்தனை மணி நேரம்னு முறை வெச்சு விடுவாங்க. எப்ப வரும்னு தெரியாத கரண்டுக்காக ராத்திரி ரெண்டு மணிக்கு யார் கிணத்துக்குப் போறது? பாம்பு பயம் வேற. அதனால எல்லாரும் ஆட்டோவுல போட்டுட்டுத் தூங்கினோம். கரண்ட் வந்த நொடியில அம்பது மோட்டாரும் ஒண்ணா எந்திரிக்கும். வோல்டேஜ் படுத்துக்கும், காயில் எரியும், சில சமயம் டிரான்ஸ்பார்மரே போயிரும். ரெண்டு பேஸ் மட்டும் வர்ற நேரத்துல கண்டன்சர் போட்டு மும்முனை மோட்டாரை ஓட்டினவங்களும் உண்டு. நானும் ஓட்டியிருக்கேன்.

தண்ணி கீழே போச்சு. 60 அடிக் கிணறு வறண்டு, 300 அடி போர், அப்புறம் 700, இப்ப எங்க பக்கத்துல 1,000 அடி தாண்டிப் போடறாங்க. ஆழம் கூடக்கூட மோட்டார் பெருசாகும். இலவசக் கரண்ட் மட்டும் இதுக்குக் காரணம்னு சொல்ல மாட்டேன். மழை, போர் வண்டி, வாழை, கரும்புன்னு நாங்க மாறினது எல்லாம் சேர்ந்ததுதான். ஆனா சக்கரம் கண்ணு முன்னால சுத்திட்டு இருந்திருந்தா இவ்வளவு வேகமா இறங்கியிருக்க மாட்டோம்னு எனக்குத் தோணும்.

மீட்டர் போனதுல எங்களுக்கு இன்னொரு நஷ்டமும் உண்டு. அது யார் கண்ணுக்கும் படலை. நாங்க எவ்வளவு கரண்ட் எடுக்கறோம்னு யாருக்கும் தெரியாது. மாநிலத்துல இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாய இணைப்புகள். அதுல கொஞ்ச இணைப்புகள்ல மட்டும் மாதிரி மீட்டர் வெச்சு, அந்தக் கணக்கைப் பெருக்கி, விவசாயத்துக்கு இத்தனை கோடி யூனிட்னு எழுதறாங்க. அந்தக் கணக்கை வெச்சுத்தான் அரசாங்கம் மானியம் தருது.

இதுல ஒரு சிக்கல் இருக்கு. மின்நிலையத்துல இருந்து புறப்பட்ட யூனிட்ல, மீட்டர் வெச்சு வித்ததைக் கழிச்சா மிச்சம் ரெண்டு பங்கா பிரியும். ஒண்ணு, மோட்டார் குடிச்சது. இன்னொண்ணு, கம்பியில சூடாப் போனது, திருட்டுல போனது. மோட்டார் கணக்கு உத்தேசமா இருக்கிற வரைக்கும் இந்த ரெண்டுக்கும் நடுவுல கோடு எங்கேன்னு யாராலும் சொல்ல முடியாது. விவசாயத்தை அதிகமா எழுதினா மின் இழப்பு குறைவாத் தெரியும். "விவசாயிக்குக் கொடுத்தே வாரியம் நஷ்டமாச்சு"ன்னு டீக்கடையில ஒருத்தர் சொன்னா மறுக்கறதுக்கு எங்க கையில ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. 2003-ம் வருஷ மின்சாரச் சட்டம் 55-வது பிரிவுல ரெண்டு வருஷத்துக்கு அப்புறம் மீட்டர் இல்லாம யாருக்கும் மின்சாரம் தரக் கூடாதுன்னு இருக்கு. இருபது வருஷம் தாண்டியும் எங்க ரூம்ல மீட்டர் இல்லை. எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் அதைத் தொடறதில்லை. காரணம் மேலே சொன்ன கதைதான்.

இதுக்கு நடுவுல வலையே மாறிருச்சு. 2012-ல் நாள்ல பாதி நேரம் கரண்ட் இல்லாம இருந்தது உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். 2013 டிசம்பர் 31-ல் ராய்ச்சூர் - சோலாப்பூர் லைன் வழியா தென்னகத்து வலை நாட்டின் மத்த வலையோட சேர்ந்துச்சு. முப்பந்தல், கயத்தாறு காத்தாலைகளோட இப்ப சோலாரும் சேர்ந்தாச்சு. அணை மின்சாரத்தை மதகைத் திறந்து மூடி அளந்து விடலாம். காத்தும் வெயிலும் சொன்ன பேச்சு கேட்காது. எங்கே எந்த நிமிஷம் எவ்வளவு போகுதுன்னு தெரிஞ்சாத்தான் அப்படிப்பட்ட வலையை ஓட்ட முடியும். ஸ்மார்ட் கிரிட்டோட அவசியம் இதுதான். வெறும் பில் வசூல் சமாச்சாரம்னு நானும் முதல்ல நினைச்சேன்.

சென்னை தி.நகர்ல ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்மார்ட் மீட்டர்களை முதல்ல வெச்சுப் பார்த்தாங்க. 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த ஆர்.டி.எஸ்.எஸ். திட்டம் நாடு முழுக்க 25 கோடி ப்ரீபெய்டு ஸ்மார்ட் மீட்டர் வைக்கணும்னு சொல்லுது. அதுல விவசாய இணைப்புகளை விட்டுட்டாங்க. பதிலா ஃபீடருக்கும் டிரான்ஸ்பார்மருக்கும் மீட்டர். எங்க ஊருக்கு வந்த சாம்பல் நிறப் பெட்டி அந்த வகைதான். உள்ள ஒரு சிம் இருக்கு, அதுவே ரீடிங்கை அனுப்பிடும். டிரான்ஸ்பார்மர் வழியா போனதுல வீட்டு மீட்டர்களைக் கழிச்சா அம்பது மோட்டாரும் சேர்ந்து எவ்வளவுன்னு கிட்டத்தட்டத் தெரிஞ்சுடும். ரூமுக்குள்ள வராமலே ஊரா எண்ணிடலாம்.

மத்த மாநிலங்கள் வேற வேற வழி பார்த்திருக்காங்க. குஜராத்துல ஜோதிகிராம் திட்டத்துல வீட்டு லைனையும் மோட்டார் லைனையும் தனித்தனியாப் பிரிச்சு, மோட்டாருக்குக் குறிச்ச நேரத்துல 8 மணி நேரம் முழு வோல்டேஜ்ல கொடுத்தாங்க. மேற்கு வங்கத்துல 2007-ல் இருந்து பம்புசெட்டுக்கே தொலைவுல இருந்து படிக்கிற மீட்டர் வெச்சு, ராத்திரிக்கு ஒரு விலை, சாயங்காலத்துக்கு ஒரு விலைன்னு வெச்சாங்க. அங்கே அதுக்கு முன்னாடி நிலைக்கட்டணம் அதிகம். அதனால பம்பு வெச்சிருந்த பலருக்கு பில் குறைஞ்சுது. பம்பு இல்லாம தண்ணியை விலைக்கு வாங்கற சின்ன விவசாயிக்குத்தான் பேரம் பேச வழி குறைஞ்சுது. மீட்டர் ஒண்ணுதான், சுத்தி இருக்கிற விதியைப் பொறுத்து யாருக்கு லாபம்னு மாறுது.

எங்க ஊர் விசைத்தறிக் கொட்டகையில மீட்டர் ஓடுது. ரெண்டு மாசத்துக்கு 1,000 யூனிட் இலவசமும் கிடைக்குது. உங்க வீட்டுலயும் மீட்டர் ஓடுது, 100 யூனிட் இலவசம். மீட்டரும் இலவசமும் சேர்ந்தே இருக்க முடியும். ஆனா விவசாயிக்கு ஒரு எண் வெச்சுட்டா, மழை இல்லாத வருஷம் அந்த எண் போதுமா? அடுத்த அரசாங்கம் அதைக் குறைச்சா? 2003-ஐ பார்த்தவங்ககிட்ட இந்தக் கேள்விக்கு வாய்வார்த்தையில பதில் சொல்ல முடியாது.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நானே கோவையில ஒரு மும்முனை மீட்டர் வாங்கி ஸ்டார்ட்டருக்குப் பின்னாடி மாட்டினேன். ஊருக்குத் தெரியாம. தினமும் நாள்காட்டியில குறிச்சு வெச்சேன். 7.5 குதிரைத்திறன் மோட்டார், மணிக்கு ஆறு யூனிட்டுக்குள்ள ஓடும்னு நினைச்சா எட்டு ஓடுச்சு. காயில் கட்டறவர்கிட்ட கேட்டேன். "மூணு தரம் காயில் கட்டின மோட்டாருங்க, தின்னத்தான் செய்யும்" என்றார். நட்சத்திரக் குறி போட்ட புது மோட்டார் மாத்தினேன், ஆறரைக்கு வந்துச்சு. தண்ணியில குறைவே இல்லை. அதுவரைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் ஒண்ணரை யூனிட் வீணாப் போனது எனக்குத் தெரியவே தெரியாது. தெரிஞ்சுக்க வேண்டிய அவசியம் இல்லாம இருந்துச்சு. ஆட்டோவையும் கழட்டிட்டு மொபைல் ஸ்டார்ட்டர் போட்டுட்டேன்.

பெரியப்பாகிட்ட இதைச் சொன்னேன். நாள்காட்டியை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்துல வெச்சுப் பார்த்தார். "இது உன் கையில இருக்கற கணக்கு. அந்தப் பெட்டிக் கணக்கு யார் கையில இருக்கு?" என்றார்.

அதான் விஷயம். அப்பாரு காலத்து மீட்டர்ல ரீடிங் எடுத்தவர் எழுதின எண் எங்க ரூம் ஆணியில தொங்குச்சு. தப்புன்னா அடுத்த நாளே சண்டைக்குப் போகலாம். டிரான்ஸ்பார்மர் பெட்டியோட எண் எங்கேயோ ஒரு கம்ப்யூட்டருக்குப் போகுது, அந்த டிரான்ஸ்பார்மர்ல தண்ணி இறைக்கிற எங்களுக்குத் தெரியறதில்லை. அந்த எண்ணை மாசாமாசம் ஊர்ல எழுதிப் போடட்டும். இந்த டிரான்ஸ்பார்மருக்கு வந்தது இவ்வளவு, வீடுகள் எடுத்தது இவ்வளவு, மோட்டார்கள் எடுத்தது இவ்வளவு, கம்பியில போனது இவ்வளவுன்னு. கிராமசபையில படிக்கட்டும். இலவசத்தோட அளவை மாத்தணும்னா சட்டசபையில பேசித்தான் மாத்தணும்னு ஒரு உறுதி இருக்கட்டும். அதுக்கப்புறம் ரூமுக்குள்ள மீட்டர் மாட்ட வந்தா நான் முதல் ஆளா கதவைத் திறந்து விடுவேன். இப்ப வந்தா, பெரியப்பா பக்கத்துலதான் நிப்பேன்.

உங்க வீட்டுக்கும் சீக்கிரம் அந்தப் பெட்டி வரும். பில் எவ்வளவு ஏறும்னு மட்டும் கேக்காதீங்க. அந்த எண்ணை நீங்க எப்ப வேணா பார்க்க முடியுமா, தப்புன்னா யார்கிட்ட போய் நிக்கணும்னும் கேளுங்க. நீங்க அங்கே கேட்டு வாங்கினா, எங்களுக்கு இங்கே கேக்கறது கொஞ்சம் சுலபம்.

பழைய மீட்டர் இன்னும் ரூம்லதான் இருக்கு. கழட்டலை. குருவிக் கூடும் அப்படியே இருக்கு.